கண்டதா, கேட்டதா

சேருக்கு முன்னால் எதையும் சும்மா சொல்லிவிட முடியாது. "அக்கரைப்பற்றில மழையாம் சேர்" என்று வாயைத் திறந்தால் போதும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "கண்டதா, கேட்டதா?" என்பார். கேட்டது என்றால், "ஆரு சொன்ன? அவரு கண்டவரா, அவரும் கேட்டவரா?" என்று விடாமல் போவார். மழையைச் சொல்ல வந்தவன் கடைசியில் குடையை மறந்து வைத்துவிட்டு ஓடித் தப்புவான். அவரைக் கண்டால் பக்கத்து ஒழுங்கையால் நழுவுகிற பழக்கம் ஊரில் பலருக்கு இருந்தது. எனக்கும் இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் இன்று இதை எழுத வேண்டி வந்திராது.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு சேர் என்பதே போதும். ஒரு காலத்தில் கொழும்பில் இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விஞ்ஞான ஒலிபரப்பு எழுதியவர். ஊருக்குத் திரும்பி வந்தபின் விவரணப் படம் எடுத்தார். விஞ்ஞானமும் சரித்திரமும்தான் அவருடைய சரக்கு. குளத்து மதகு எப்படி வேலை செய்கிறது, கரையைக் கடல் ஏன் தின்கிறது, நம் ஊர்க் குடிகளுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது, இப்படி. எழுதுவது அவர், தயாரிப்பது அவர், கொழும்புத் தொலைக்காட்சி நிலையங்களின் வாசலில் காத்துக் கிடப்பதும் அவர். கமராவும் படத்தை வெட்டி ஒட்டுவதும் நான். சாய்ந்தமருதுப் பிரதான வீதியில் எனக்கு ஒரு ஸ்டூடியோ. கலியாண வீடு, சுன்னத்துச் செய்கிற கத்னா வீடு, பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வீடு, இதுகளுக்கு நடுவில்தான் சேருடைய படங்கள். அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. கடைசிப் படம் இன்னும் என் கணினிக்குள் கிடக்கிறது. அதை எவரும் பார்த்ததில்லை.

அவர் எழுதுவது தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில். ஒரு வசனம் எழுதியதும் ஓரக் கோட்டுக்கு வெளியே ஓர் எழுத்துப் போடுவார். தன் கண்ணால் பார்த்தது என்றால் 'க'. பிறர் சொன்னது என்றால் 'கே'. 'கே' போட்ட வசனத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கோடு. ஒருவரோடு ஒருவர் கதைத்து வைக்காத இரண்டு வாய் சொல்லி, இரண்டு கோடு விழுந்தால் அந்த வசனம் படத்தில் இருக்கும். ஒரு கோட்டோடு நின்றால் வெட்டிவிடுவார். எவ்வளவு அழகான வசனமானாலும் வெட்டு வெட்டுத்தான். அந்த எழுத்துகளையும் கோடுகளையும் வேறு யாரையும் போட விடமாட்டார்.

ஒரு தடவை கடலுக்குள் போன கிணற்றைப் பற்றிப் படம். கடல் வற்றுகிற நேரத்தில் அலைக்குள் வட்டமாகக் கிணற்றுக் கொட்டு ஒன்று தெரியும். அந்த இடத்தில் முன்பு ஒரு தெருவே இருந்தது என்று ஊர் சொல்லும். சேருக்கு அது போதாது. அந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்த இரண்டு பேர் வேண்டும் என்றார். எட்டு மாதம் அலைந்தோம். கடைசியில் மருதமுனையில் ஒரு உம்மா அகப்பட்டா. தண்ணீர் இனிக்கும் என்று சொன்னா. திருக்கோவில் பக்கம் குடியேறிப் போயிருந்த ஒரு மீன்காரப் பெரியவர் அகப்பட்டார். அவர், "சவர்த் தண்ணி, வாயில வைக்க ஏலா" என்று முகத்தைச் சுளித்தார். சரி, படம் கெட்டது என்று நான் நினைத்தேன். சேர் பெரிய சந்தோஷத்தில் என் முதுகில் தட்டினார்.

"கிணறு இருந்தது உண்ம தம்பி. ரெண்டு பேரும் ஒரே ருசி சொல்லியிருந்தாத்தான் நான் பயந்திருப்பன்."

இரண்டு ருசியையும் படத்தில் போட்டார்.

அவருக்கும் எனக்கும் இருந்த நிரந்தரச் சண்டை என் ஸ்டூடியோ பெயர்ப்பலகை. நீலக் கடல், கரையில் பொண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து நிற்கிற நிழல், கடலுக்கு மேலே பெரிய வெள்ளிப் பிறை. ஆசை ஆசையாகச் செய்வித்த பலகை. சேர் முதல் தடவை வந்தபோதே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, எங்கட ஊருக்குக் கடல் எந்தப் பக்கம்?"

"கிழக்கால சேர்."

"மொதல் நாள் தலப்பிற தெரியிற எந்தப் பக்கம்?"

"மேற்கால. வயல் பக்கம்."

"அப்ப இது எந்த ஊருப் பிற?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. அவர் விடவில்லை. "இதில ரெண்டு பிழ இரிக்கி. ஒண்டு இது. மற்றது என்னெண்டா..."

"போங்க சேர். இது பொண்ணு மாப்புள பாக்கிற பலக. பரீட்ச பேப்பரா?" என்று சொல்லி உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது பிழையை நான் கேட்கவில்லை. அதன் பிறகு எத்தனையோ தடவை அவர் அதைச் சொல்ல வாயெடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணீர் ஊற்றுகிறேன், ஆள் வந்திருக்கிறது என்று எதையாவது சொல்லித் தட்டிவிட்டேன். அவரும் பிறகு விட்டுவிட்டார். வரும்போதெல்லாம் பலகையை அண்ணாந்து பார்த்து, "இன்னும் கடல்லதான் உதிக்கிதா?" என்பார். "ஓம் சேர், இண்டைக்கும் அங்கதான்" என்பேன். அதுதான் எங்கள் ஸலாம் மாதிரி ஆகிப்போனது.

பலகையில் இருந்த அதே பிறைதான் ஒரு நல்ல வேலையையும் அவருக்குக் கெடுத்தது. பிறையைப் பற்றி, நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் பிறை பார்த்த விதத்தைப் பற்றி, ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. கொழும்பில் ஒரு நிலையம் சம்மதித்தது. ஓர் அதிகாரி இங்கு வந்தார், கடற்கரையைப் பார்த்தார், மயங்கிப்போனார். முதல் காட்சி கடலுக்கு மேல் பிறை, அதைப் பார்த்துக்கொண்டு மீனவர்கள் நிற்க வேண்டும் என்றார். கொழும்பு ஆட்களுக்குக் கடல் மேற்கே. அவர்களுக்குப் பிறை கடலில்தான். சேர் பொறுமையாக விளக்கினார். அந்த ஆள், "பார்க்கிற சனத்துக்கு அது விளங்கவா போகுது" என்று சிரித்தார்.

"எங்கட ஊருச் சனம் சிரிக்கும்" என்றார் சேர். "எங்கட கடல்ல பிறயக் காட்டினா, நாங்க பொய் சொல்லிட்டு அதுக்குப் பொறகு அர மணித்தியாலம் உண்ம கதைக்கிற மாதிரி."

படம் போய்விட்டது. பஸ் நிலையம் வரைக்கும் நான் அவரை ஏசிக்கொண்டே போனேன். ஒரு காட்சிதானே, மூன்று வினாடிதானே, பொண்டாட்டி பிள்ளைகளை நினைத்தீர்களா என்று என்னென்னவோ கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரி தம்பி. எண்டாலும் ஏலாது" என்றார். இப்படி ஒரு மனிதனை என்ன செய்வது?

ஆனால் நன்றி மறந்தவன் நான் இல்லை. என் வாப்பாவின் மௌத்தைப் பற்றிச் சொன்னால்தான் சேருக்கும் எனக்கும் உள்ள கணக்கு விளங்கும். வாப்பா ஆசுபத்திரியில் கிடந்தார், நான் அன்று அக்கரைப்பற்றில் ஒரு கலியாண வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில், "வாப்பா மௌத்தாப் போயிட்டாரு, கெதியா வாங்க" என்றார். ஏனோ சேரைத்தான் முதலில் அழைத்தேன். சொன்னேன். அந்த நேரத்திலும் அந்த மனிதன் கேட்டார்.

"கண்டதா, கேட்டதா தம்பி?"

தொலைபேசியைச் சுவரில் எறிய வேண்டும் போல இருந்தது. "கேட்டது" என்று கத்தினேன்.

"கேட்டதுதானே. இருந்து அழாதீங்க. போய்க் காணுங்க."

கோபத்திலேயே மோட்டார் சைக்கிளை முறுக்கினேன். வீட்டுக்குப் போகிற வழியில் ஆசுபத்திரிக்குத் திரும்பியது அவர் சொன்ன அந்தச் சொல்லால்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு யாரோ தவறிச் சொல்லியிருக்கிறார்கள். வாப்பாவுக்கு மூச்சு இருந்தது. என் விரலைப் பிடித்தார். கதைக்க முடியவில்லை, ஆனால் பிடித்திருந்தார். பின்னேரம், அசர் தொழுகை நேரத்தில் போனார். அங்கேயே இருந்து அழுதிருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் எனக்குக் கிடைத்திராது. அதற்குப் பிறகு சேர் கூப்பிட்டால் எந்தக் கலியாணத்தையும் என்னோடு வேலை செய்கிற மச்சானிடம் ஒப்படைத்துவிட்டுப் போவேன்.

சில வருடம் கழித்து வேறொரு நிலையம் பிறைப் படத்துக்குச் சம்மதித்தது. கடல் இல்லை, வயல்தான் என்பதற்கும் சம்மதித்தது. ஐந்து மாதத் தவணை. சேர் சின்னப் பிள்ளைபோல என் ஸ்டூடியோவுக்குள் நடந்து திரிந்தார். படம் முழுவதும் எடுத்துவிடலாம், கஷ்டமே இல்லை. கடைசிக் காட்சி மட்டும்தான் அல்லாஹ்வின் கையில். வயல்வெளிக்கு மேலே முதல் நாள் பிறை, மெல்லிய கீற்று, சூரியன் இறங்கிய கையோடு. விலைக்கு வாங்கிய காட்சி, வேறு நாட்டுப் பிறை எதுவும் கூடாது. ஐந்து மாதம் என்றால் ஐந்து பிறை. ஐந்து தடவைதான் முயற்சி செய்யலாம்.

முதல் மாதம் மலைப்பக்கம் மேகம் அடைத்துக்கொண்டது. இரண்டாவது மாதம் அறுப்பு முடிந்து வயலெல்லாம் வைக்கோல் எரித்த புகை. மேற்கே ஒன்றும் தெரியவில்லை, இருமிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மூன்றாவது மாதம் மழை. கமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நான் நனைந்தேன். சேர் வரம்பில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் நான் நினைத்தேன்.

அந்த மழை வாரத்தில்தான் என் பலகையும் காற்றில் கழன்று விழுந்தது. சாயம் பூசக் கொடுத்திருந்தேன். வாசலுக்கு மேலே வெறும் சுவர், நாலு ஆணி. சேர் வந்தார், வழக்கம்போல நின்றார், அண்ணாந்து அந்த வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னும் கடல்லதான் உதிக்கிதா?"

நான் அந்த நாலு ஆணியையும் பார்த்தேன், அவரையும் பார்த்தேன். "ஓம் சேர், இண்டைக்கும் அங்கதான்" என்றேன். அவர் கதவு நிலையைக் கையால் தடவிக்கொண்டு உள்ளே வந்தார்.

அன்றே அவர் வீட்டுக்குப் போய் ராத்தாவிடம் கேட்டேன். சேருடைய மனைவியை என் கூடப்பிறந்த மூத்தவளைப்போல ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னா. சீனி வருத்தம். அந்த நோயில் இடது கண் போய் ஒரு வருடம். வலது கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது. டொக்டர் நாள் சொல்லவில்லை, ஆனால் நீண்ட நாள் இல்லை என்றாராம். இப்போது வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான்.

"ஆருக்கும் சொல்லிராதீங்க தம்பி. கண் தெரியாத ஆளுக்கு ஆரு படம் குடுப்பாங்க? இந்தப் படம் முடியட்டும் எண்டு அல்லாஹ்விட்டக் கேட்டுக் கேட்டு இரிக்காரு. இதக் கையில குடுத்திட்டா மறுகா என்னவும் நடக்கட்டும் எண்டு சொல்றாரு."

"எனக்கிட்டயும் சொல்லல்லயே ராத்தா."

"உங்களுக்கிட்டத்தான் மிச்சம் பயம். நீங்க இரக்கப்பட்டுருவீங்களாம்."

பயந்தது சரிதான். நான்காவது மாதம் வயலுக்குப் போனபோது நான் கமராக்காரனாகப் போகவில்லை, இரக்கக்காரனாகத்தான் போனேன். வாய்க்கால் கட்டில் கமராவை நிறுத்தினேன். சேர் என் தோளில் கை வைத்தபடி நின்றார். சூரியன் இறங்கியது. மேகம் மெல்லியது, ஆனால் இருந்தது. நான் கமராவில் கண்ணைப் பொருத்தி அந்த இடத்தைச் சலித்தேன். ஒன்றும் இல்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். என் தோளில் இருந்த கை சட்டையைக் கசக்கிப் பிடித்தது. மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பிறை இருந்தாலும் இறங்கிவிடும்.

"தம்பி" என்றார். "தெரியிதா?"

அந்தக் குரலில் கேள்வி இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. இத்தனை வருடம் எல்லோரையும் கண்டதா கேட்டதா என்று குடைந்த மனிதன் என்னிடம் ஒரு சொல்லுக்குக் கை நீட்டி நிற்கிறார். என்னால் தாங்க முடியவில்லை.

"ஓம் சேர்" என்றேன். "கண்டுட்டன்."

"கமராவில விழுந்ததா?"

"விழுந்திட்டு."

அவர் என் தோளை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஏந்தினார். பிறை கண்டால் ஓதுகிற துஆவை ஓதினார். குரல் உடைந்து உடைந்து வந்தது. முகம் கொஞ்சம் தெற்கே திரும்பியிருந்தது. நான் பக்கத்தில் நின்று ஆமீன் சொன்னேன். அல்லாஹ் அதை எந்தக் கணக்கில் எழுதினானோ தெரியாது.

அடுத்த நாள் முழுவதும் ஸ்டூடியோக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தேன். அன்று எடுத்த வெறும் வானம் நல்ல வானம். ஆரஞ்சும் நீலமும், கீழே வயல். அதில் என் பலகைக்கு வைத்திருந்த பிறையை எடுத்து, மெலிதாக்கி, மங்கலாக்கி, மேகத்துக்குப் பின்னால் சற்று மறைத்துப் பொருத்தினேன். இந்தத் தொழிலில் நான் சாதாரண ஆள் இல்லை. கண்ணுள்ளவன் பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டான். மேற்கில்தான் வைத்தேன், வயலுக்கு மேல்தான் வைத்தேன். சேர் சொன்ன பிழை எதையும் செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சேர் வந்து திரைக்கு முன்னால் இருந்தார். மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்தார்.

"கொம்பு எங்கால பாக்கிது தம்பி?"

திரையைப் பார்த்து உள்ளபடியே சொன்னேன். "இடக்கைப் பக்கம் சேர்."

"நிமிந்து நிக்கிதா?"

"ஓம். வாழ்த்து அட்டையில நிக்கிற மாதிரி நேரா நிக்கிது."

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் திரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வடிவா இரிக்கா?"

"மிச்சம் வடிவு சேர்."

"சரி" என்றார். கடைசி வசனத்தைச் சொன்னார், நான் கொப்பியில் எழுதினேன். 'அன்று மாலை வயலுக்கு மேலே பிறை தென்பட்டது.' கொப்பியை வாங்கி, விரலால் தாளின் ஓரத்தைத் தடவித் தேடி, ஏதோ எழுத்துப் போட்டார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முடிந்தது, தப்பினோம் என்ற ஆறுதலில் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

படத்தை உடனே அனுப்புவார் என்று பார்த்தேன். அனுப்பவில்லை. இசை சரியில்லை என்றார், குரலை மாற்ற வேண்டும் என்றார். ஒரு மாதம் ஓடிவிட்டது. ஐந்தாவது பிறை நாளன்று காலையில் அழைப்பு வந்தது.

"தம்பி, அசருக்குப் பொறகு கமராவக் கொண்டு வாறீங்களா? வயலுக்கு ஒருக்காப் போவம்."

"அதான் எடுத்தாச்சே சேர்."

"ஓம். எடுத்தாச்சிதான். எண்டாலும் ஒருக்கா வாங்களன்" என்றார்.

அக்கரைப்பற்றில் ஒரு வலீமா, கலியாண விருந்து, இருந்தது. மச்சானை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. வயலுக்குப் போனால், போன மாதம் நான் காணவில்லை என்று என் காலே சொன்ன மாதிரி ஆகிவிடும். "சொல் குடுத்திட்டன் சேர், வர ஏலாது" என்றேன். "பரவாயில்ல" என்றார். அந்தப் பரவாயில்லை இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. எனக்குத் திரும்பிவர அவர் வழி திறந்து வைத்திருக்கிறார். நான் பொய்யைப் பாதுகாத்துக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போனேன்.

வலீமா மண்டபத்தில் பொண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "பிற தெரியிதாம்" என்று யாரோ சொல்ல ஆட்கள் முற்றத்துக்குப் போனார்கள். நானும் போனேன். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. தென்னோலைக்கு மேலே, நகம் வெட்டிப் போட்டதுபோல, பிறை. அது நிற்கவில்லை. படுத்திருந்தது. இரண்டு கொம்பும் மேலே பார்க்க, தோணிபோலக் கிடந்தது.

இத்தனை வருடம் இந்த ஊரில் பிறை பார்த்தவன் நான். என் கண்ணுக்கு முன்னால்தான் அது மாதாமாதம் படுத்துக்கிடந்தது. பலகையிலும் வாழ்த்து அட்டையிலும் பார்த்துப் பார்த்து, நிற்பதுதான் பிறை என்று எனக்குள் எழுதப்பட்டுவிட்டது. சேர் சொல்ல வந்த இரண்டாவது பிழை இதுதான். முற்றத்திலேயே குந்திவிட்டேன். பிறகு எழும்பி, கமராவைக் கழற்றி, ஒரு நிமிடம் அந்தப் பிறையை எடுத்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே நிற்க நான் வானத்தை எடுக்கிறேன் என்று மாப்பிள்ளையின் வாப்பா ஏசினார். ஏசட்டும்.

காலையில் சேர் வீட்டுக்குப் போனேன். ராத்தா கதவைத் திறந்தா. கண் வீங்கியிருந்தது.

"நேத்து நாங்க ரெண்டு பேரும் வயலுக்குப் போன தம்பி. எந்தப் பக்கம் எண்டு கேட்டாரு. தோளப் புடிச்சித் திருப்பி வெச்சன். கொம்பு எங்கால பாக்கிது எண்டு கேட்டாரு. மேல எண்டன். அப்பிடியே நிண்டு சிரிச்சாரு. வெளிச்சமும் தெரியல்லயாம் இப்ப."

சேர் ஜன்னலைப் பார்த்துக் கதிரையில் இருந்தார். பார்த்து என்று எழுதிவிட்டேன், முகம் அந்தப் பக்கம் இருந்தது. மடியில் கொப்பி.

"வாங்க தம்பி. வலீமா நல்லா நடந்ததா?"

நான் அவருக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு இருந்தேன். அவரே தொடங்கினார்.

"அண்டைக்கு நீங்க காணல்ல."

"இல்ல சேர்."

"பலகையில உள்ளத எடுத்து வெச்சீங்க."

"ஓம் சேர்."

"அண்டைக்கே இல்ல எண்டு சொல்லியிருந்தா, நேத்து கமரா வயல்ல நிண்டிருக்கும். எனக்கு இன்னொரு பிற இருந்திச்சி தம்பி. அத எனக்கிட்ட இருந்து எடுத்துட்டீங்க." ஏசுகிற குரலில் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏசியாவது ஆறியிருப்பேன். அழுதேன். நாற்பது வயது தாண்டிய ஆண் பிள்ளை, ராத்தா பார்த்துக்கொண்டிருக்க, சத்தம் போட்டு அழுதேன். அவர் காத்திருந்தார்.

அழுது முடித்துக் கமராவைத் திறந்தேன். "நேத்து அக்கரைப்பற்றில எடுத்தன் சேர். மண்டபத்து முத்தத்தில. வயல் இல்ல, தென்ன மரந்தான். ஆனா இது நேத்துப் பிற. நான் கண்டன். அல்லாமேல..."

"சத்தியம் பண்ணாதீங்க" என்றார் மெதுவாக. "படத்துக்குச் சத்தியம் தேவல்ல."

அந்த வாரக் கடைசியோடு தவணை முடிகிறது. இந்த ஒரு நிமிடத்தை வைத்தால் படம் முழுமையாகிவிடும். சேருக்கும் அது தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தார். ராத்தாவைக் கூப்பிட்டு, கமராவின் சின்னத் திரையைப் பார்க்கச் சொன்னார்.

"தெரியிதா?"

"தெரியிது. ஓலைக்கு மேல, மெல்லிசா."

"கொம்பு?"

"ரெண்டும் மேல. நேத்து வயல்ல கண்ட மாதிரியேதான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. கொப்பியைத் திறந்து, கடைசிப் பக்கத்தைத் தேடி, ராத்தாவின் விரலை ஓரக் கோட்டுக்கு வெளியே இருந்த எழுத்தில் வைக்கச் சொன்னார். அப்போதுதான் நான் அந்த எழுத்தைப் பார்த்தேன். நான் எழுதிய வசனத்துக்குப் பக்கத்தில், கோடு தாண்டிச் சரிந்து, 'கே'. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. ஒரு மாதமாக அது அப்படியே இருந்திருக்கிறது.

பேனையை வாங்கினார். 'கே'க்குப் பக்கத்தில் ராத்தாவுக்கு ஒரு கோடு போட்டார். பேனையை எடுக்கவில்லை. தாளிலேயே வைத்திருந்தார். கண் போனது வெளியில் எவருக்கும் தெரியாது, எவரையும் கூப்பிட முடியாது. அறையில் மூன்று பேர்தான்.

"இன்னொரு வாய் வேணும்" என்றார்.

நான் அவருடைய முழங்காலில் முட்டிக்கொண்டுதான் இருந்தேன். என் வாயை அவர் கேட்கவில்லை.